தோண்டிப் பார்க்கிறவர்

நிலக்கடலை விதைத்தால் முளை மண்ணுக்கு மேல் வர ஒரு வாரமாவது ஆகும். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். என் அக்கா வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனாலும் விதைத்த மறுநாளே காட்டுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாலில் விரலை விட்டு ஒரு விதையைத் தோண்டி எடுப்பார். வேட்டியில் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. கொஞ்சம் வெட்கப்பட்டது போல அதை மறுபடி புதைத்து, மண்ணைத் தட்டி மூடிவிட்டு எழுந்திருப்பார். அடுத்த நாள் இன்னொரு விதை. "அணிலு தேவல இவருக்கு, அதாச்சும் வயித்துக்குத் தோண்டுது" என்பாள் அக்கா.

அவர் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அக்கா சொல்ல மாட்டாள், புருஷன் பெயராயிற்றே. எனக்கு மாமா என்ற சொல்லே போதுமாக இருந்தது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் பெயர் வரவில்லை, மாமாதான் வருகிறார். நல்ல உயரம், அகலமான முதுகு. ஒரு வருஷம் மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, ஆட்டுப்பட்டியில் தனியாகப் படுத்துக் குறட்டை விட்டவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரே ஒரு காரியம் கடைசிவரை கைவரவில்லை. அவருக்குக் காத்திருக்கத் தெரியாது.

அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், காபி குடித்தார்கள். "ரெண்டு பக்கமும் கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்பலாம்" என்று வழக்கப்படி சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் விடிந்து அப்பா கிணற்றடிக்குப் போனால் அங்கே மாப்பிள்ளை நிற்கிறார்.

"என்னாங்க தம்பி, இந்நேரத்துல?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லைங்க. என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லியனுப்பறோம்னு சொன்னமே."

"சொல்லியனுப்புனா ஒரு ஆளு அத்தன தூரம் நடக்கணுமில்லைங்களா. அதான் நானே வந்துட்டேன்."

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் அவரை உள்ளே கூட்டிவந்து களி போட்டார். அந்தக் களியைத் தின்று முடிப்பதற்குள் சம்மதம் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் சோற்றுப் பானையின் மூடி பானைமேல் நின்றதில்லை. அடைகாக்கும் கோழியின் அடியில் கையை விட்டு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்பார். ஒரு கோழி அந்த அவமானம் தாங்காமல் முட்டைகளை விட்டுவிட்டு எழுந்தே போய்விட்டது. பழுக்கப் போட்ட வாழைத்தாரை நாளுக்கு நாலு தடவை வைக்கோலை விலக்கி அமுக்கிப் பார்ப்பார், பழமெல்லாம் அவர் கட்டைவிரல் தடத்தோடுதான் பழுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எதையும் தோண்டிக் கேட்டதில்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் நடப்பார். அக்காவிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதாக நான் கேட்டதில்லை.

அப்பா செத்துப்போன பிறகு அக்கா என்னைத் தன்னோடு அழைத்துவந்தாள். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்த குடும்பம் அது. மாமாவின் அண்ணன் பெரியவர், அவர் சொல்தான் செல்லும். என்னைப் படிக்க அனுப்ப வேண்டும் என்று மாமா சொன்னபோது பெரியவர் சரி என்றார். நான் தர்மபுரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஹைஸ்கூலில் படித்தேன். சனிக்கிழமைகளில் சின்ன ரயிலில் ஊருக்கு வருவேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி வழியாக ஓசூருக்குப் போன குட்டி ரயில் அது, பிறகு யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்கால வண்டிக்கு மாமா மத்தியானச் சோற்றை முடித்த கையோடு வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். வண்டி தாமதமானால் தண்டவாளத்தின்மேலேயே எதிரே நடந்து வந்துவிடுவார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் அவரை மிரட்டி வைத்திருந்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் தீர்ப்பைச் சொன்னார். "தேறுனான்னா மேல படிக்கட்டும், உத்தியோகம் பாக்கட்டும், நான் குறுக்க வர மாட்டேன். தேறலன்னா புத்தகத்தக் கட்டி வெச்சுட்டு ஏரப் புடிக்கட்டும். இன்னொரு வருசமெல்லாம் யாரும் காத்திருக்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. மழையை நம்பியிருக்கிற குடும்பத்தில் ஒரு ஜோடிக் கைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர். ஆனால் அக்கா அன்று சாப்பிடவில்லை. தன் தம்பி இந்த வீட்டில் ஏர்க்காரனாக நின்றுவிட்டால், தான் கூட்டிவந்தது அதற்குத்தான் என்று ஆகிவிடுமே என்று அவளுக்குக் கவலை.

ரிசல்ட் வைகாசியில் வரும். அதுவரை என்ன செய்வது? எனக்கு வந்த வியாதி தூக்கம். பகலெல்லாம் தூங்கினேன். விழித்திருந்தால் ரிசல்ட் நினைப்பு வந்தது, அதனால் மறுபடி தூங்கினேன். மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பரீட்சை எழுதியவன் நான், இளைத்தவர் அவர்.

சாயங்காலமானால் என்னை எழுப்பி எதிரே உட்கார வைத்துக்கொள்வார். "என்னென்ன கேட்டாங்க, நீ என்னென்ன எழுதுன, சொல்லு." இங்கிலீஷ் பேப்பரை இங்கிலீஷிலேயே சொல்லச் சொல்வார். பள்ளிக்கூடமே பார்க்காதவர், ஒரு சொல் புரியாது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்: "எல்லாத்துலயும் உன் கொரலு நல்லாத்தான் வருது மாப்ள. கணக்கு வந்தா மட்டும் எறங்கிப் போவுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மாமா."

"பாரு, இப்பக்கூட எறங்குச்சு."

என் பரீட்சை நம்பர் அவருக்கு மனப்பாடம். அதன் எழுத்து வடிவம் எப்படியிருக்கும் என்று மண்ணில் எழுதிக் காட்டச் சொல்லி அதையும் பழகிக்கொண்டார். மாடு ஓட்டும்போது வாய் அந்த நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். மாடுகள் அதற்குப் பழகி, அந்த நம்பரைச் சொன்னால் நடக்கத் தொடங்கின என்று அக்கா சத்தியம் செய்வாள்.

நான் தேறினால் தீர்த்தமலையில் மொட்டை போடுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் என்றால் காரியம் முடிந்த பிறகு நிறைவேற்றுவதுதானே வழக்கம். ஒருநாள் காலையில் காணாமல் போனவர் மறுநாள் வந்தார், தலையில் சந்தனம் பளபளக்க மொட்டையோடு.

"ரிசல்ட்டே இன்னும் வர்லையே" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாம செய்ய வேண்டியத மொதல்ல செஞ்சுட்டமின்னா சாமிக்கும் தட்ட முடியாதில்ல?"

"கேட்டதக் குடுக்கறதுக்கு முன்னாலயே சாமி கழுத்துல துண்டப் போட்டு இழுத்துட்டு வந்திருக்கறான்" என்று பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மொட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் பேப்பர் ஞாபகம் வந்து, நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வைகாசி பிறந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்திரிகை மதராஸிலிருந்து பெரிய ரயிலில் மொரப்பூருக்கு வந்து, அங்கிருந்து சின்ன ரயிலில் எங்கள் ஊருக்கு வந்து சேரச் சாயங்காலமாகிவிடும். தேறியவர்களின் நம்பர் மட்டும்தான் அதில் அச்சாகும். தேறாதவர்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. மாமா முதலில் எங்கள் ஸ்டேஷனில் போய்க் காத்திருந்தார். இரண்டு நாளில் அது அலுத்துப்போய், பாலக்கோட்டுக்கே நடந்துபோய் வண்டியை எதிர்கொண்டார். பிறகு தர்மபுரிக்குப் போனார். வண்டி அங்கே முன்னதாக வந்துவிடுகிறதே, அந்தச் சில மணி நேரம் மிச்சம்தானே என்றார். ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது பத்திரிகையைக் காட்டி, "எஸ்.எஸ்.எல்.சி. போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். கடைசியில் மொரப்பூருக்கே போவதென்று முடிவு செய்தார். பெரிய ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டு இறங்கும்போதே பார்த்துவிடலாம் என்பது அவர் திட்டம். அக்கா கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். முதல் நாளே கிளம்பிப் போனார்.

அவர் மொரப்பூரில் காத்திருந்த அன்றைக்குத்தான் ரிசல்ட் வந்தது.

ஆனால் பத்திரிகை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பெங்களூர்ச் சந்தைக்குப் போய்விட்டு ஓசூர் பஸ்ஸில் திரும்பிய வெற்றிலை வியாபாரி ஒருவர் கையோடு அதைக் கொண்டுவந்து, காலையிலேயே காபி கிளப்பில் மேசைமேல் போட்டார். கிளப்புக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நானே விரித்துப் பார்த்தேன். என் நம்பருக்கு முன் நம்பர் இருந்தது. பின் நம்பரும் இருந்தது. நடுவில் நான் இல்லை. கிளப்புக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் காபியை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

ஏர் பிடிப்பதைப் பற்றி நான் நினைக்கவில்லை. மொரப்பூரில் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருப்பவரைத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அவர் அன்று என்ன செய்தார் என்று அந்த ரயிலின் கார்டு பின்னாளில் எனக்குச் சொன்னார். மொரப்பூரில் கட்டு இறங்கியதுமே மாமா பத்திரிகையை வாங்கிவிட்டார். ஸ்டேஷனில் ஒருவர் பார்த்து, இல்லை என்றார். மாமா நம்பவில்லை. டீக்கடையில் ஒருவரிடம் காட்டினார். சின்ன ரயிலில் ஏறிய பிறகு கோட்டுப் போட்ட ஆள் ஒருவரையும் விடாமல் எல்லாரிடமும் காட்டிக்கொண்டே வந்தார். "இந்த நம்பரு கொஞ்சம் பாருங்க சாமி, கண்ணுக்குத் தப்பிப் போயிருக்கும்." தர்மபுரியில் ஏறியவர்களிடமும் காட்டினார். பாலக்கோட்டில் ஏறியவர்களிடமும் காட்டினார். அதற்குமேல் யாரும் ஏறவில்லை. மீதி வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம்.

மாரண்டஹள்ளியில் வண்டி நின்றது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமா இறங்கினார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வேகமாக வந்தார்.

"பேப்பர் வர்ல மாப்ள. அச்சாபீசுல என்னமோ கோளாறாம். நாளைக்குத்தான் வருமாம்."

என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த புளியமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு வர்லன்னா நாளான்னிக்கு. வரட்டும் மெதுவா. என்ன அவசரம்?"

என்ன அவசரம் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தலைத்துண்டின் மடிப்புக்குள் பத்திரிகையின் முனை தெரிந்தது. "சரிங்க மாமா" என்றேன். இருவரும் நடந்தோம். கொஞ்ச தூரம்தான் என்னால் மறைக்க முடிந்தது.

"மாமா, ஓசூர் பஸ்ஸுல பேப்பர் வந்துருச்சுங்க. காலையிலயே பாத்துட்டேன்."

அவர் நின்றார். துண்டை அவிழ்த்துப் பத்திரிகையை எடுத்து, மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"நானும் பாத்துட்டேன். ஒரு நாளாச்சும் நீ நிம்மதியாத் தூங்கட்டும்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

வீட்டில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது. "சரி, போனது போச்சு. நாளைக்கு அவன் கையில ஏரக் குடு" என்றார்.

"இன்னொருக்கா எழுதட்டும் அண்ணா" என்றார் மாமா. அண்ணனுக்கு எதிரே அவர் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. "அவன் வேலையையும் சேத்து நான் செய்யறேன்."

"இன்னொரு வருசமா? எவன் காத்திருக்கறது?"

"நான் காத்திருக்கறேன்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா?" என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அழுத முகத்தோடு சிரிப்பு வந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சரி, அதையும் பாத்துடறேன்" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வருஷமும் மாமா என்னிடம் படிப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பாலக்கோட்டில் ஒருவரிடம் நான் கணக்குக் கற்றுக்கொள்ள நடந்துபோவேன், திரும்பி வந்தால் "சாப்டியா?" என்பார். அதோடு சரி. கேட்க வேண்டும்போல் இருந்தால் எழுந்து காட்டுக்குப் போய்விடுவார். விதைத்த கடலைதான் அந்த வருஷம் படாத பாடு பட்டது. நான் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோதும் கேட்கவில்லை. ராத்திரியில் அக்காவிடம் மட்டும் மெதுவாக, "கொரலு எப்படி இருக்குது?" என்று கேட்டாராம். தலைமுடி வளர்ந்துவிட்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் அவர் போகவே இல்லை.

மறுபடி வைகாசி வந்து, ஒரு சாயங்காலம் சின்ன ரயிலில் பத்திரிகை வந்தது. கிளப்பில் நான் பார்த்தேன். கிளப்புக்காரர் பார்த்தார். நான் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். பிறகு காட்டுக்கு ஓடினேன்.

முதல் மழைக்கு மாமா உழுதுகொண்டிருந்தார். நான் ஓடிவருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். மாட்டை நிறுத்தவில்லை. நான் வரப்பேறி வாயைத் திறந்ததும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

"இரு. இந்தச் சால முடிச்சுட்டு வந்துடறேன்."

கடைசிவரை போனார். திருப்பினார். அத்தனை மெதுவாக அவர் உழுது நான் பார்த்ததில்லை. என் எதிரே மாட்டை நிறுத்தினார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ம்" என்றார்.

"பாஸுங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மேழியை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினார். "மாமா, மாடுங்க" என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு உழுத மண்ணில் தடுக்கித் தடுக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏரை அவிழ்த்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கட்டிலைவிட்டு எழுந்து நின்றார். நடுவில் மாமா, மூச்சு வாங்க, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்ட.

"என்னாடா ஆச்சு?" என்றாள் அக்கா. "ஓடியாந்து நின்னாரு, வாயில ஒரு வார்த்த வர்ல, அழுவறாரு. இந்த வருசமும் போச்சா?"

மாமா என் பக்கம் கையைக் காட்டினார். நீயே சொல் என்று.

"இல்லக்கா, பாஸ் பண்ணிட்டேன்."

அக்கா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் வந்து மாட்டுக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மாமா துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னொருக்கா சொல்லு மாப்ள" என்றார்.